எல்லோரும் ஒரே படகில் வேண்டாம்



கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் நம் இல்லங்களில் எழும் முதல் கேள்வி, "இந்த ஆண்டு எங்கே போகலாம்?" என்பதுதான். வளைகுடா நாட்டிலோ சிங்கப்பூரிலோ பணிபுரியும் குடும்பத் தலைவர் ஒரு மாத விடுப்பில் வந்திருக்கும் வீடாயின் அந்தக் கேள்விக்கு வலு இன்னும் கூடிவிடும். உறவினர் இல்லத் திருமணம், மருத்துவமனை, வங்கி வேலை, வீட்டுக்கு வெள்ளையடிப்பு என்று விடுப்பின் பெரும்பகுதி கரைந்துபோக, பிள்ளைகளுக்கென எஞ்சுவது ஒரு நாளோ இரண்டு நாளோதான். அந்த ஒரு நாளைத் தண்ணீரின்மேல் கழிக்க வேண்டும் என்பது அவர்களின் ஆசை. மாலத்தீவையும் லங்காவியையும் திரையில் பார்த்து வளரும் பிள்ளைகள் அல்லவா! பச்சைத் தீவுகளைச் சுற்றி வெண்ணிறப் படகு ஊர்ந்து செல்லும் காட்சி அவர்கள் கண்ணிலேயே நிற்கிறது. அவ்வளவு தொலைவும் அவ்வளவு செலவும் எல்லோருக்கும் இயலுமா? ஆகவே, ஒரு வேனை அமர்த்திக்கொண்டு, பாட்டன் பாட்டி முதல் கைக்குழந்தை வரை அனைவரையும் ஏற்றிக்கொண்டு, மேட்டுப்பாளையம் வழியாக நீலகிரி ஏறுகிறோம்.

இதில் குறைபட்டுக்கொள்ள ஒன்றுமில்லை. தீவில்லை, கடலில்லை என்பதைத் தவிர, படகில் ஒரு நாள் மகிழ்வதற்கு வேண்டிய அனைத்தும் அம்மலையில் இருக்கின்றன.

உதகை ஏரியை இயற்கை தந்த ஏரி என்றே பலர் எண்ணிக்கொண்டிருக்கின்றனர். அப்படியன்று. கோவை ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் என்ற ஆங்கிலேயர் 1823க்கும் 1825க்கும் இடைப்பட்ட காலத்தில், மலை ஓடைகளுக்குக் குறுக்கே கரை கட்டித் தேக்கிய நீர் அது. மீன் பிடிக்கவும், ஓடத்தில் அக்கரை சேரவும் அன்றைய மக்களுக்குப் பயன்பட்டது. இன்று பேருந்து நிலையம் இருக்கும் இடமும், குதிரைப் பந்தயத் திடல் இருந்த இடமும்கூட முன்பு ஏரியின் பகுதிகளே. சுருங்கிச் சுருங்கி இப்போது ஏறத்தாழ 65 ஏக்கரில் வந்து நிற்கிறது. 1973-ல் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் பொறுப்பேற்றுப் படகு விட்டு வருகிறது. ஊரின் கழிவையெல்லாம் கோடப்பமந்து கால்வாய் சுமந்து வந்து இதிலே சேர்ப்பதும், அரசு அவ்வப்போது தூர் வாருவதும், மீண்டும் சேறு சேர்வதும் ஓயாத கதை. அழகிய ஓர் ஏரியை இப்படி நடத்துவதற்கு நமக்கு எப்படித்தான் மனம் வருகிறதோ! எனினும், கற்பூரத் தைல மரங்கள் சூழ்ந்த கரையோரமாக மலை இரயில் கூவிக்கொண்டு செல்ல, மிதிபடகில் அமர்ந்து அதைப் பார்த்துக் கையசைக்கும் குழந்தையின் முகத்தைக் கண்டவர்கள் அந்தக் குறையை அப்போதைக்கு மறந்துவிடுவார்கள்.

என்னைக் கேட்டால், உதகை ஏரியைக் காட்டிலும் பைக்காராவே மேல் என்பேன். உதகையிலிருந்து கூடலூர் செல்லும் சாலையில் சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது அந்நீர்த்தேக்கம். முக்குருத்தி மலையில் பிறந்து வரும் பைக்காரா ஆறு, அம்மலையின் பழங்குடிகளான தோடர்களுக்குப் புனிதமானது. அந்த ஆற்று நீரை மலையிலிருந்து ஏறத்தாழ 3,000 அடி கீழே குழாய் வழியாகப் பாயவிட்டு, சிங்காராவில் மின்சாரம் எடுக்கத் தொடங்கியது 1932-ல். தென்னாட்டின் பழைமையான நீர்மின் நிலையங்களுள் அதுவும் ஒன்று. கோவையின் ஆலைகள் பெருகியதற்கும் பைக்காரா மின்சாரத்திற்கும் உள்ள தொடர்பைக் கோவைவாசிகள் நன்கறிவர். அதே ஆறு கீழே மோயாறு என்று பெயர் மாறி, பவானிசாகரில் பவானியோடு கலக்கிறது. சத்தியமங்கலத்திலும் கோபியிலும் இருந்து இவ்வேட்டைப் படிக்கும் சகோதரிகளே, உங்கள் ஊர் வாய்க்காலில் ஓடும் நீரின் ஒரு பகுதி மலையுச்சியில் எப்படித் தேங்கி நிற்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள். சுற்றிலும் சோலைக்காடும் புல்வெளியும். கடைத்தெருவின் இரைச்சல் எட்டாது.

இனிச் சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன்.

வேனில் பதினெட்டுப் பேர் வந்திறங்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். படகுத் துறையில் நீண்ட வரிசை. நெடுநேரம் காத்திருந்து சீட்டு வாங்கியாயிற்று. நமக்கு வாய்த்த படகோ எட்டுப் பேருக்கு உரியது. அப்போது நம் குடும்பங்களில் நடக்கும் உரையாடல் உங்களுக்குத் தெரியாததன்று. "பிரிந்து பிரிந்து போனால் என்ன மகிழ்ச்சி? எல்லோரும் ஒன்றாகவே ஏறிவிடுவோம்" என்பார் மாமா. "குழந்தைகளுக்குக் கணக்கு ஏது? மடியில் வைத்துக்கொள்கிறோம்" என்பார் சாச்சி. படகோட்டி தயங்கினால், "அண்ணே, கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள்" என்று மடித்த நோட்டு ஒன்று அவர் கைக்குப் போகும். அவர் மறுத்துவிட்டால் அவரைக் கடுமையானவர் என்று தூற்றுகிறோம். இணங்கிவிட்டால் நல்லவர் என்று போற்றுகிறோம். நம் பிள்ளைகளின் உயிரைப் பெரிதென மதித்தவர் அவ்விருவருள் யார் என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள்.

ஒன்றாக இருக்க வேண்டும் என்பது நம் குடும்பங்களின் சிறப்பு. ஒரே தாலத்தில் அமர்ந்து உண்ணும் வழக்கம் உடையவர்கள் நாம். ஆனால் தாலத்துக்குப் பொருந்தும் வழக்கம் படகுக்குப் பொருந்தாது.

2023 மே 7, ஞாயிற்றுக்கிழமை. மலப்புரம் மாவட்டம் தானூரில், ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தில் ஓர் உல்லாசப் படகு கவிழ்ந்தது. மீன்பிடிப் படகை மாற்றியமைத்துச் சுற்றுலாவுக்கு விட்டிருந்தார்கள். அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிக்கொண்டு, பொழுது சாய்ந்த பிறகு புறப்பட்ட படகு அது. 22 பேர் மாண்டனர். அவர்களுள் பலர் சிறு பிள்ளைகள். ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவர்கள் மட்டும் 11 பேர். விடுமுறைக்கு ஒன்றுகூடியவர்கள், ஒன்றாகவே படகேறியவர்கள். மறுநாள் ஒரே வீட்டிலிருந்து அடுத்தடுத்து ஜனாஸாக்கள் புறப்பட்டதை நாளேடுகளில் கண்டவர்கள் எளிதில் மறந்திருக்க மாட்டார்கள்.

அது வேற்று மாநிலம் என்று தள்ளிவிட வேண்டாம். நம் பழவேற்காடு ஏரியில் 2011 டிசம்பர் 25 அன்று, உல்லாசமாகப் படகேறிய ஓர் உறவினர் கூட்டத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் மூழ்கிப் போயினர். தேக்கடியில் 2009 செப்டம்பர் 30 அன்று இரண்டடுக்குச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தனர். கரையில் தென்பட்ட விலங்குகளைக் காணும் ஆவலில் பயணிகள் ஒரு பக்கமாகத் திரண்டதும் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. படகின் அமைப்பிலேயே குறை இருந்ததும் பின்னர் வெளிப்பட்டது. 2024 ஜனவரி 18-ல் குஜராத்தின் வடோதராவில், ஹர்ணி ஏரிக்குப் பள்ளிச் சுற்றுலா சென்ற 12 மாணவர்களும் 2 ஆசிரியர்களும் உயிரிழந்தனர். அங்கும் படகு கொள்ளாத கூட்டந்தான்.

கடலில் புயலில் சிக்கி நேர்ந்தவை அல்ல இவை. அமைதியான நீரில், கரை கண்ணுக்கெட்டும் தொலைவில் நேர்ந்தவை. நமக்கு அச்சம் தோன்றாத நீரே நம்மை ஏமாற்றுகிறது.

மடியில் வைத்த குழந்தைக்குக் கணக்கில்லை என்பது நம் கணக்கு; படகின் கணக்கு வேறு. பதினைந்து கிலோ எடையுள்ள குழந்தை நான்கு பேர் மிகுதியாக ஏறினால், அறுபது கிலோ எடையுள்ள ஆள் ஒருவர் கூடுதலாக ஏறியதற்குச் சமம். எடை கூடக் கூடப் படகின் விளிம்பு நீர்மட்டத்தை நெருங்குகிறது. அந்நிலையில், புகைப்படம் எடுப்பதற்காக நான்கு பேர் எழுந்து நின்றால் போதும். எடை முழுதும் மேலே ஏறி, சிறு சாய்வும் பெருஞ்சாய்வாகிவிடும். அமர்ந்திருக்கும் பத்துப் பேரைத் தாங்கும் படகு, நிற்கும் பத்துப் பேரைத் தாங்குமென்று உறுதி சொல்ல முடியாது. ஆகவே படகில் எழுந்து நிற்பதில்லை, இடம் மாறுவதில்லை, விளிம்பில் அமர்வதில்லை என்பதைப் பிள்ளைகளுக்கு வேனிலேயே சொல்லிவிடுங்கள். துறைக்கு வந்த பிறகு அவர்கள் காதில் எதுவும் ஏறாது!

அப்படியென்றால் படகேறுவதே வேண்டாமா என்று கேட்பீர்கள். அவ்வாறு நான் சொல்லவில்லை. குழந்தைகளைத் தண்ணீரைக் கண்டு நடுங்குபவர்களாக வளர்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஏறுங்கள், ஆனால் பிரிந்து ஏறுங்கள். பதினெட்டுப் பேர் என்றால் மூன்று முறையாகப் போகலாம். சின்னஞ்சிறு பிள்ளை ஒவ்வொன்றுக்கும் அதைப் பார்த்துக்கொள்ள ஒரு பெரியவர் என்று கணக்கிட்டுக் கூட்டம் பிரியுங்கள். ஒரு தாயிடம் மூன்று குழந்தைகளை ஒப்படைத்துவிட்டு ஆண்கள் எல்லாம் வேகப் படகு தேடிப் போவது சரியன்று. பொறுப்புள்ள ஒருவர் எப்போதும் கரையில் இருக்கட்டும். எந்தப் படகில், எத்தனை பேர், எத்தனை மணிக்குப் போனார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வீட்டின் அத்தாவோ வாப்பாவோ முன்வந்து, "நீங்கள் போங்கள், நான் அடுத்த படகில் வருகிறேன்" என்று சொல்லிவிட்டால் மற்றவர்கள் தாமாகவே அடங்கிவிடுவார்கள்.

அடுத்தது லைஃப் ஜாக்கெட். இதில் பெண்கள் சிலவற்றை வெளிப்படையாகப் பேசிக்கொள்ள வேண்டும். பலர் அணிந்து கழற்றியதன் அழுக்கும் வாடையும் அதில் இருக்கும், உண்மைதான். புர்காவுக்கு மேலோ துப்பட்டிக்கு மேலோ அதைப் பூட்டினால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சமும் இருக்கும். அதனால் சிலர் பெயருக்குத் தோளில் மாட்டிக்கொள்கிறார்கள். சிலர் மடியில் வைத்துக்கொள்கிறார்கள். இன்னும் சிலர் மேலாடைக்குள் அணிந்துகொள்கிறார்கள். மூன்றும் பயனற்றவை. பூட்டாத ஜாக்கெட், நீரில் விழுந்த மாத்திரத்தில் தலைவழியே கழன்று மேலே போய்விடும். ஆள் கீழே போய்விடுவார். எல்லா ஆடைகளுக்கும் மேலாக, வார்களை இறுக்கி, கொக்கிகளைப் பூட்டி அணிவதே முறை. அணிந்த பின் தோள் பக்கத்தைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். காதளவுக்கு வந்தால் அது உங்களுக்குப் பெரிது என்று பொருள். குழந்தைக்குக் குழந்தை அளவிலேயே கேட்டு வாங்குங்கள். பெரியவர் ஜாக்கெட்டைக் குழந்தைக்குச் சுற்றிக் கட்டுவது இல்லாததற்குச் சமம்.

"இந்த வயதில் எனக்கு எதற்கு இதெல்லாம்?" என்று நன்னிமா மறுப்பார். அவருக்கு முதலில் பூட்டிவிட்டால் பேரப்பிள்ளைகள் எதிர்ப்பின்றிப் பூட்டிக்கொள்வார்கள்.

மலைக்குளிருக்காகப் போர்த்தும் கம்பளிச் சால்வையை ஜாக்கெட்டுக்கு வெளியே தொங்கவிட வேண்டாம்; நனைந்தால் கனத்து, கை கால்களைச் சுற்றிக்கொள்ளும். தரையில் புரளும் ஆடையின் கீழ்ப்பகுதியைச் சற்றே உயர்த்திச் செருகிக்கொள்ளுங்கள். கைக்குழந்தையைத் துணியால் தம்மோடு சேர்த்துக் கட்டிக்கொள்ளும் தாய்மார்கள் படகில் அக்கட்டை அவிழ்த்துவிட வேண்டும். பாதுகாப்புக்கென்று கட்டியதே நீரில் இருவருக்கும் விலங்காகிவிடும். குழந்தையின் அளவுக்கு ஜாக்கெட் கிடைக்கவில்லையெனில், குழந்தையோடு கரையில் இருந்துவிடுவதே நல்லது. கருவுற்றிருப்போரும் முதுகு வலி உள்ளோரும் பைக்காராவின் வேகப் படகுகளைத் தவிர்க்க வேண்டும். அலையில் மோதி மோதி எழும் அதிர்ச்சி சிறிதன்று. உதகை கடல்மட்டத்திற்கு 2,200 மீட்டருக்கும் மேலே இருப்பதால், ஆஸ்துமாவும் இதய நோயும் உள்ள பெரியவர்களுக்குச் சிறு ஓட்டமும் மூச்சு வாங்கும். படகைப் பிடிக்க அவர்களை ஓட விடாதீர்கள்.

மலை நீரைப் பற்றியும் ஒரு சொல். சமவெளிக் குளத்தில் நீந்திப் பழகிய இளைஞர்கள் இந்நீரையும் அப்படியே எண்ணிவிடுகிறார்கள். குளிர்ந்த நீரில் திடீரென விழுந்தால், நாம் விரும்பாமலேயே வாய் திறந்து மூச்சை இழுக்கும். அந்நொடியில் தலை நீருக்குள் இருந்தால் இழுப்பது காற்றன்று, தண்ணீர். நீர், காற்றைவிடச் சுமார் 25 மடங்கு விரைவாக உடலின் வெப்பத்தைக் கவர்ந்துவிடும். சற்று நேரத்தில் கை கால்கள் சொன்னபடி கேட்க மாட்டா. நீந்தத் தெரிந்தவருக்கும் ஜாக்கெட் வேண்டும் என்பது இதனால்தான். மேலும் இவை மலைப் பள்ளத்தாக்கில் தேக்கிய நீர். கரையிலிருந்து இரண்டடி வைத்தால் ஆழம் எவ்வளவு என்று சொல்ல முடியாது. படகுத் துறை இல்லாத அணைக்கரைகளில் இறங்கிக் கால் நனைப்பதை அறவே விட்டுவிடுங்கள்.

ஒருவேளை படகு கவிழ்ந்தே விட்டால், கவிழ்ந்த படகையே பற்றிக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் அது மிதக்கும். கரை அருகில்தானே என்று நீந்தப் புறப்பட்டவர்கள் பாதி வழியில் ஓய்ந்துபோனதுண்டு. முழங்கால்களை மார்போடு மடக்கி, பிள்ளைகளை நடுவில் வைத்து நெருங்கியிருந்தால் உடற்சூடு சிறிது நேரம் காக்கப்படும். கரையில் இருப்பவர்கள் பதறிக் குதிக்கலாகாது. காப்பாற்றக் குதித்தவரும் சேர்ந்து மூழ்கிய செய்தி நம் மாநிலத்தில் ஆண்டுதோறும் வருகிறது. கயிறோ கழியோ துணியோ வீச வேண்டும். பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கத்தில் 2020 ஆகஸ்டில் மூழ்கிக்கொண்டிருந்த இளைஞர்களை நோக்கி மூன்று கிராமத்துப் பெண்கள் தாம் உடுத்தியிருந்த சேலைகளை வீசி இருவரை மீட்டார்களே, நினைவிருக்கிறதா? அவ்வாண்டுக்குரிய கல்பனா சாவ்லா விருதைத் தமிழக அரசு அவர்களுக்கு வழங்கிற்று. மீட்டவரைத் தலைகீழாகத் தூக்குவதும் வயிற்றை அமுக்குவதும் தவறு. மூச்சில்லையெனில் உடனே வாயோடு வாய் வைத்துக் காற்றூதி, மார்பை அழுத்தத் தொடங்கி, 108க்குச் சொல்லுங்கள். இப்பயிற்சியை நம் ஜமாஅத் மண்டபங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடத்தினால் என்ன? மருத்துவர்கள் நம்மிடையே பலர் இருக்கிறார்களே!

பயணம் பற்றிச் சில செய்திகள். 2024 மே 7 முதல், உயர் நீதிமன்ற ஆணைப்படி, வெளியூர் வாகனங்கள் நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் முறை வந்தது. புறப்படுமுன் அன்றைய நடைமுறையை விசாரித்துப் பதிவு செய்துவிடுங்கள். அடிவாரத்தில் நின்று அலைபேசியோடு போராட வேண்டாம். பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டில்களுக்கு அம்மாவட்டத்தில் தடையுண்டு; வீட்டிலிருந்தே எவர்சில்வர் கூஜா கொண்டு செல்லுங்கள். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் பைக்காராப் பக்கம் காற்றும் மழையும் கடுமை. படகை நிறுத்திவிட்டார்கள் என்றால் அவர்களோடு வாதாட வேண்டாம். காலையிலேயே பைக்காராவை முடித்துக்கொண்டு, லுஹருக்கு உதகை திரும்பிவிட்டால், ஏரியை மாலை வெயிலில் அமைதியாகப் பார்க்கலாம். கடைசிப் படகைப் பிடிக்கும் அவசரமே கூட்டத்தை ஒரே படகில் அடைக்கிறது. அந்த அவசரம் உங்களுக்கு வராது.

முதல் படகில் இடம் கிடைக்காமல் கரையில் நிற்பவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்களே என்ற கவலை வேண்டாம். உதகைக் கடைவீதியில் அடுப்பிலிருந்து வந்த சூட்டோடு வர்க்கி வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். அதை நன்னிமாவின் பொறுப்பில் விட்டுவிட்டு, சூடான தேநீருக்கும் சொல்லிவிட்டால், அடுத்த படகுக்கு யார் காத்திருப்பது என்பதில்தான் பிள்ளைகளுக்குள் போட்டி வரும்.